பதினாலாம் நம்பர் வீட்டு அட்டைப்படங்கள்

இது முப்பத்தேழாவது நெத்தி. இதோட முடிஞ்சுது. முடிஞ்சுதுன்னா பிரஷ்ஷக் கழுவிட்டு எந்திரிக்கணும், எந்திரிச்சா அடுப்படிக்குப் போகணும், போனா அம்மாகிட்ட அதக் கேக்கணும். அதனாலதான் அரை மணி நேரமா கலரையே குழப்பிட்டு உக்காந்திருக்கேன். மணி ரெண்டு நாப்பது. நாலு மணிக்கு மல்லிகா சித்தி வேன் எடுத்துட்டு வந்துரும். லால்குடியில எங்க அக்கா சுபிதாவுக்கு இன்னைக்கு சாயங்காலம் வளைகாப்பு. தாய்வீட்டுலேர்ந்து அஞ்சு வகை சாதம் போகுது, பழத்தட்டு போகுது, பூ போகுது, சித்தி வாங்கி வச்ச வளையல் போகுது. சமைச்ச ஆளு மட்டும் போகல. அப்பா செத்து எட்டு மாசம். "புள்ளத்தாச்சிப் புள்ள முன்னாடி நான் வந்து எதுக்கு நிக்கணும், நீங்க போயிட்டு வாங்க"ன்னு அம்மா போன வாரமே சொல்லிருச்சு, ஏதோ பல்லு வலிக்கு டாக்டர்கிட்ட வரலைன்னு சொல்ற மாதிரி. சுபி காலையில எனக்குப் போன் பண்ணுச்சு. "டேய் மதன், மொதல் வளையல் அம்மாதான் போடணும்டா. எனக்கு வேற யாரும் வேணாம். ஆனா எங்க மாமியார் இழுக்கறாங்க. நெத்தியில சின்னதா ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டு வந்துட்டா யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. மெரூன் கலரு, கடுகு சைஸு. நீ கேளுடா, நீ கேட்டா சிரிச்சுக்கிட்டே சரின்னுரும்." வீட்ல எனக்கு இருக்கற ஒரே உத்தியோகம் இது, சிரிக்க வைக்கறது. இஞ்சினியரிங்தான் பாதியில நின்னுபோச்சு, இதுல நான் கோல்டு மெடல். ஸ்டிக்கர் அட்டை சட்டைப் பையில இருக்கு. பத்து ரூவா அட்டை, இருபத்தொரு பொட்டு. நெஞ்சு மேல இருபத்தொரு எறும்பு உக்காந்திருக்கற மாதிரி இருக்கு.

சரி, கலரு. புதுச் சிவப்ப அப்படியே வைக்கக் கூடாது, வச்சா அறுபது வருஷத்துப் பொம்பளை நெத்தியில டிராஃபிக் லைட் எரியும். கொஞ்சம் காவி சேக்கணும், ஒரு சொட்டு டீத்தண்ணி சேக்கணும், அப்பத்தான் பழசு பழசு மாதிரி இருக்கும். மூணு ஜீரோ பிரஷ்ஷு, நுனியில நாலு முடிதான். இது யாரும் சொல்லிக் குடுத்து வந்ததில்ல, ரெண்டு டஜன் அட்டைய நாசம் பண்ணிக் கத்துக்கிட்டது. பழைய வாரப்பத்திரிகை அட்டை சேக்கறவங்க ஊர் ஊருக்கு இருக்காங்க, உள்ள இருக்கற கதை அவங்களுக்கு வேணாம். அந்தக் காலத்துல வீட்டுக்காரங்க தொடர்கதையக் கிழிச்சுத் தைச்சு வச்சுக்கிட்டு அட்டையத் தூக்கிப் போட்டாங்க, இவங்க அட்டைய எடுத்துக்கிட்டுக் கதையத் தூக்கிப் போடறாங்க, நான் நடுவுல நின்னு பொறுக்கறேன். இந்தக் கட்டு தஞ்சாவூர் பல் டாக்டர் பாஸ்கரதாஸுக்கு. ஆஸ்பத்திரி வெயிட்டிங் ரூம் முழுக்க அட்டைப்படமா மாட்டி வச்சிருக்காரு. கன்னத்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறவன் எதுத்தாப்புல, குடம் தூக்கறவ, ஊஞ்சல் ஆடறவ, கோலம் போடறவ, எல்லாருக்கும் பல்லு முத்து முத்தா. "தம்பி, கறை இருந்தாப் பரவால்ல, மூஞ்சி மட்டும் முழுசா இருக்கணும்"னு கண்டிஷன். பாலக்கரையில ரஹ்மத்துல்லா பாய் பழைய பேப்பர் கடையிலேர்ந்து வந்த கட்டு. தேங்கா நார்க் கயித்துல கட்டியிருந்துச்சு. பிரிச்சா பழைய பொஸ்தக வாசனை, கரப்பான் முட்டை, ஒரு ரயில் டிக்கெட். எல்லா அட்டையிலயும் மேல் மூலையில பென்சில்ல பதினாலுன்னு எழுதியிருக்கு. ஏஜென்ட் எழுதறது அது, பத்திரிகை போடற பையன் எந்த வீடுன்னு தெரிஞ்சுக்க. தெரு பேரு கிடையாது, ஆள் பேரு கிடையாது. பதினாலு. மொத்தம் அறுபது சொச்சம். அறுபத்திரெண்டு ஆகஸ்ட் மொத வாரம் வரைக்கும் எல்லாம் சுத்தம், டாக்டர் கண்ணுல ஒத்திக்கலாம். ரெண்டாவது வாரத்துலேர்ந்து ஒருத்தி நெத்தியிலயும் பொட்டு இல்ல.

மொதல்ல பூச்சி அரிச்சதுன்னு நெனச்சேன். பூச்சிக்கு அவ்வளவு அறிவு கிடையாது. நெத்திக்கு நடுவுல, பொட்டு இருந்த எடம் மட்டும், வட்டமா, வெள்ளையா, பேப்பர் லேசா மயிர் கூச்செறிஞ்ச மாதிரி. வேற எங்கயும் ஒரு கீறல் இல்ல. தீபாவளி அட்டையில மத்தாப்பு பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கறா, பொட்டு இல்ல. சைனாக்காரன் சண்டை வந்தப்ப ஒருத்தி கழுத்துச் சங்கிலியக் கழட்டி உண்டியல்ல போடறா, இல்ல. பொங்கலுக்குக் கரும்பு கடிக்கறா, இல்ல. ஒரு வாரம் சிரிப்புப் படம், குண்டு மாமி பூரிக்கட்டையோட புருஷனத் தொரத்துது, கருவேப்பிலை சைஸுல மூஞ்சி, அந்த மூஞ்சியில நெத்தி எங்க இருக்குன்னு எனக்கே லென்ஸ் வச்சாத்தான் தெரிஞ்சுது, அதையும் விடல. நல்ல ஜோக்கு அது. எனக்குச் சிரிப்பு வரல. எனக்கே சிரிப்பு வரலன்னா பாத்துக்கங்க. நவராத்திரிக்கு அம்பாள் படம். அங்க மட்டும் குங்குமத்தோட ஒரு ஓரம் லேசா வெளுத்திருக்கு, அப்புறம் நிறுத்திருச்சு. சாமிகிட்ட மட்டும் ஏதோ பேச்சுவார்த்தை நடந்திருக்கு. அந்த ஓரத்தப் பாக்கும்போதுதான் எனக்கு முதுகுல ஈரத்துணி போட்ட மாதிரி ஆச்சு. ஏன்னா அது வரைக்கும் அது படம். நிறுத்துச்சுன்னா ஒரு கை இருக்கு. கை இருக்குன்னா ஒரு ஆளு. ஆகஸ்ட் ரெண்டாவது வாரத்துல பதினாலாம் நம்பர்ல என்ன நடந்துச்சுன்னு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்ல. பிளேடால பண்ணிருக்கான்னு நெனச்சேன், அந்தப் பொம்பளை, வாராவாரம், பத்திரிகை வந்ததும், படிக்கறதுக்கு முன்னாடி. முப்பத்தேழு வாரம். அதுக்கப்புறம் பத்திரிகை இல்ல. நிறுத்திட்டாங்களா, வீடு மாத்திட்டாங்களா, இல்ல அழிக்கற ஆளே இல்லையா. அப்பா செத்து எத்தனை வாரம்னு எண்ணக் கூடாதுன்னு இருந்தேன். எண்ணிட்டேன். முப்பத்தஞ்சு.

ஃபேனுக்கு அட்டையெல்லாம் படபடங்குது. காயறதுக்காகச் செவுத்தோரமா வரிசையா நிறுத்தி வச்சிருக்கேன், முப்பத்தாறு பேரும் நெத்தியில ஈரத்தோட என்னையே பாக்கறாங்க. நேத்து செவுத்துப் பக்கம் திருப்பி வச்சுப் பாத்தேன், முதுகு காட்டிக்கிட்டு நிக்கறது அதைவிட மோசமா இருந்துச்சு, நம்ம மேல கோவமா இருக்கற மாதிரி, திருப்பிட்டேன். அடுப்படியில புளிக்காய்ச்சல் கொதிக்குது. பெருங்காயம், நல்லெண்ணெய், வத்தல். அந்த வாசனைக்கு எங்க அப்பா மினிபஸ்ஸ நிறுத்திட்டே வந்துருவாரு, கண்டக்டர் அவரு, டிரைவர் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருப்பான், இவரு சட்டிய வழிச்சுக்கிட்டு இருப்பாரு. கடைசியா அவரு என்கிட்டப் பேசுனது போன்ல. "கிளாஸ்ல இருக்கியா?" "இருக்கேன்பா, சார் வராரு, வைக்கறேன்." நான் பாய் கடையில பேப்பர் மூட்டை மேல உக்காந்திருந்தேன். காலேஜ விட்டு மூணு மாசம் ஆகியிருந்துச்சு. சார்னு நான் சொன்னது பாய் கடைத் தராசு. அன்னைக்கு மத்தியானமே சத்திரம் ஸ்டாண்டுல பஸ்ஸுக்குள்ளயே உக்காந்த மேனிக்குப் போயிட்டாரு. சுபிக்கு இப்ப ஏழு மாசம், சொந்தக்காரங்க எல்லாம் அப்பாதான் வந்து பொறக்கறாருங்கறாங்க. பொறந்து பேச்சு வந்ததும் மொதல்ல கேக்கப் போறது என்னன்னு எனக்குத் தெரியும். அது கூடப் பரவால்ல. அத எப்படியாவது சமாளிச்சுருவேன். பதினாறாம் நாள் நான் சொன்னதுதான். அதுக்கு எங்க போய் நிக்கறது. வேணாம், அத நெனைக்க வேணாம், கலரு காயுது. டீத்தண்ணி ஒரு சொட்டு. அத்தைங்க நாலஞ்சு பேரு அம்மாவ ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. "நீ ஏன்டா இங்க நிக்கற, ஆம்பளப் பய, போ வெளிய." போனேன். பேக்கரியில முட்டை பப்ஸ் தின்னேன். ரெண்டு. ரெண்டாவதுக்கு சாஸ் கேட்டு வாங்குனேன், அது ஞாபகம் இருக்கு. திரும்பி வந்தா எல்லாரும் போயிருந்தாங்க, அம்மா கட்டில்ல செவுத்தப் பாத்து உக்காந்திருந்துச்சு. திரும்புச்சு. எனக்கு எங்க பாக்கறதுன்னு தெரியல. இருபத்தோரு வருஷமாப் பாத்த மூஞ்சி, அதுல ஒரே ஒரு எடம் காலி, என் கண்ணு அந்த எடத்துலயே போய் விழுது, எடுக்க முடியல, எடுத்தா எங்க வைக்கறது. வாய் தானாத் தொறந்துச்சு. "என்னம்மா, மேக்கப்பு பாதியில நிக்குது?" அப்படித்தான் சொன்னேன். வார்த்தை மாறாம அதான். அம்மா சிரிச்சுச்சு. திட்டியிருக்கலாம். அறைஞ்சிருக்கலாம். சிரிச்சுச்சு, நான் கஷ்டப்படக் கூடாதுன்னு. அன்னையிலேர்ந்து அம்மா சிரிச்சாலே நான் வேற பக்கம் திரும்பிக்கறேன். அதனாலதான் போய்க் கேக்க முடியல. இந்த ஸ்டிக்கர நீட்டுனா, கேட்டா, அது மறுபடி அப்படியே சிரிச்சுக்கிட்டு சரின்னுரும். சுபி சொன்ன மாதிரியே. அதான் பயம்.

"இந்தா, உப்பு பாரு." கரண்டி மூக்குக்கிட்ட வந்து நிக்குது. அம்மா எப்ப வந்துச்சுன்னு தெரியல. உள்ளங்கையில வாங்கி நக்குனேன். "சரியா இருக்கு." "சரியா இருக்குன்னா காரம் பத்தலைன்னு அர்த்தம்." "லால்குடிக்காரங்களுக்கு இது போதும்மா." அம்மா போகல. செவுத்தோரம் நிக்கற அட்டைங்களப் பாத்துக்கிட்டே நிக்குது. இதுவரைக்கும் என் குப்பைப் பக்கம் வந்ததே இல்ல, பெருக்கும்போது மட்டும் "உன் பொண்டாட்டிங்கள நகத்து"ங்கும். இப்ப குனிஞ்சு, மேசை மேல இருக்கறத, முப்பத்தேழாவத, கையில எடுத்துச்சு. புள்ளைக்குத் தலை சீவி விடற பொம்பளை. நெத்தி வெள்ளை. அம்மா நெத்திக்கும் அதுக்கும் ஒரு முழம் இடைவெளி, நான் ஜன்னலப் பாத்தேன். "யாரு அழிச்சது?" "தெரியலம்மா. அந்தக் காலத்து வீடு. பிளேடு வச்சு சொரண்டிருக்காங்க." அம்மா கட்டை விரலால அந்த எடத்தத் தடவிப் பாத்துச்சு. "பிளேடு இல்ல. ரப்பர்ல எச்சி தொட்டுத் தேச்சது. உன் ரேங்க் கார்டுல பண்ணுவியே, அதே வேலை." நான் வாங்கிப் பாத்தேன். ஆமா. எச்சி ரப்பர். முப்பத்தாறு நெத்தியில கை வச்சிருக்கேன், லென்ஸ் வச்சுப் பாத்திருக்கேன், இது தோணல, ஏழாப்புல கணக்குல இருவத்தெட்ட எம்பத்தெட்டாக்குன எனக்கே தோணல. "சின்னப் புள்ள வேலைடா இது"ன்னுச்சு அம்மா. "பெரியவங்களா இருந்தா ஒண்ணு கிழிச்சிருப்பாங்க, இல்ல பாக்காமத் தூக்கி வச்சிருப்பாங்க. வாராவாரம் உக்காந்து அழிக்கறதுக்குப் பெரியவங்களுக்கு ஏது தெம்பு." "எதுக்கு அழிக்கணும்?" "எதுக்குன்னா? வீட்ல அவ அம்மா ஒருத்தி மட்டும் அப்படி இருந்திருப்பா. துணைக்கு ஆள் சேத்திருக்கு, பாவம்." கரண்டியிலேர்ந்து ஒரு சொட்டு தரையில விழுந்துச்சு, அம்மா கால் விரலாலயே தொடச்சுது. "எத்தனை பேருக்கு வச்ச?" "முப்பத்தாறு." "முப்பத்தாறு பேரையும் கூட்டிட்டுப் போயிட்டியா."

திட்டல. கோவமும் இல்ல, வெண்டைக்கா என்ன வெலைன்னு கேக்கற குரல்தான். ஆனா செவுத்தோரம் நின்ன முப்பத்தாறு பேரும் அப்பத்தான் நெசமாவே வேத்தாளாத் தெரிஞ்சாங்க. நேத்து வரைக்கும் அவங்க அந்த வீட்டுல இருந்தவங்க. ஒரு பொம்பளையச் சுத்தி உக்காந்திருந்தவங்க. நான் ஒவ்வொருத்தியா எழுப்பி, மூஞ்சி துடைச்சு, பல் டாக்டர் வீட்டுக்கு அனுப்பி வச்சிருக்கேன். காவி, டீத்தண்ணி, நாலு முடி பிரஷ்ஷு. நல்ல காரியம் பண்றதா வேற நெனப்பு, கொறையச் சரி பண்றேன்னு. எச்சிய எப்படித் திருப்பி வாங்கறது. அறுபது வருஷத்துக்கு முன்ன காஞ்ச எச்சி. ஒரு பொண்ணு, எட்டு வயசோ ஒம்போது வயசோ, ரப்பர நாக்குல வச்சு. அம்பாள்கிட்ட மட்டும் பயந்து. அந்தப் பொண்ணு அவ அம்மா மூஞ்சியப் பாக்க முடியாம ஜோக் அடிக்கல. உலகத்துல இருக்கற எல்லாரையும் அவ அம்மா மாதிரி ஆக்கப் பாத்திருக்கு. நான் என்ன பண்ணேன், சாஸ் வாங்குனேன்.

"பையில என்ன?" வெள்ளைச் சட்டை, மெல்லிசு, அட்டை தெரியுது. கையெடுத்து மறைச்சேன், மறைச்சா இன்னும் நல்லாத் தெரியும்னு அப்புறம்தான் உறைச்சுது. எடுத்துக் குடுத்தேன். "சுபி குடுக்கச் சொல்லுச்சு. மொதல் வளையல் நீதான் போடணுமாம். சும்மா, அங்க இருக்கற வரைக்கும். கடுகு சைஸுதான்." அம்மாவச் சிரிக்க வைக்கத்தான் சுபி என்னைக் கேக்கச் சொல்லுச்சு, நான் செய்தி வாசிக்கற மாதிரி ஒப்பிச்சேன். அம்மா அட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. சிரிச்சுரும்னு நெனச்சேன். இப்ப, இப்ப சிரிக்கப் போகுது, சிரிச்சுக்கிட்டே ஒண்ண உரிச்சு ஒட்டிக்கப் போகுது, அதுக்கப்புறம் நான் எந்த ஊருக்குப் போறது. சிரிக்கல. "இது அவ ஐடியாவா, அவ மாமியார் ஐடியாவா?" "அவதாம்மா." "ம்." அட்டைய ஜன்னல் திண்டுல வச்சுச்சு. "இத ஒட்டிக்கிட்டுப் போயி நான் வளையல் போட்டா, அது நான் போட்டதா இருக்காதுடா. எவளோ போட்டதா இருக்கும். எனக்கு யாரும் இத அழிக்கல, தெரியுமா? உங்க அத்தைங்க உள்ள கூட்டிட்டுப் போயி அழுதுக்கிட்டு உக்காந்திருந்தாங்க, ஒருத்திக்கும் கை வரல. நான்தான் எடுத்தேன். உங்க அப்பனுக்காக எடுத்தது. ஊருக்காகத் திரும்ப வைக்கவா?" எட்டு மாசமா நான் அந்த ரூமுக்குள்ள நாலு கைய நெனச்சு வச்சிருந்தேன். நெத்திய நோக்கி நாலு கை. கனவுல கூட வரும். அங்க கையே இல்லையாம். "போனப் போடு அவளுக்கு."

போட்டுக் குடுத்தேன். ஸ்பீக்கர்ல போடவான்னு சைகையில கேட்டேன், வேணாம்னுருச்சு. "சுபி, அம்மா பேசறேன். மருந்து சாப்ட்டியா? ம். இந்தா பாரு. நான் வரேன். இப்ப எப்படி இருக்கேனோ அப்படித்தான் வருவேன். உங்க மாமியார் என்ன சொல்வாங்க, சம்பந்தி வீட்டாளுங்க என்ன சொல்வாங்க, அதெல்லாம் நான் கேக்கல. நீ கைய நீட்டுவியா? அத மட்டும் சொல்லு. நீட்ட மாட்டேன்னாலும் எனக்கு ஒண்ணும் இல்ல, புளியோதரைய வேன்ல ஏத்தி விட்டுட்டுப் படுத்துக்கறேன்." போனுக்குள்ள என்னமோ ஓடுது, எனக்குக் கேக்கல, கொசு சத்தம் மாதிரி வருது. சுபி அழுவுதா. பின்னாடி அவ மாமியார் நிக்கறாங்களா. சுபி எப்பவும் எல்லாருக்கும் நல்ல பேரு எடுக்கற பொண்ணு, ஸ்கூல்லேர்ந்து அப்படித்தான், ரெண்டு பக்கமும் நல்ல பேருன்னா எப்படி முடியும். மாட்டேன்னு சொல்லாது. பாக்கலாம்மான்னு சொல்லும். பாக்கலாம்மான்னு சொன்னா அம்மா என்ன பண்ணும். போன வச்சுட்டு அடுப்படிக்குப் போயி தயிர்சாதம் தாளிக்கும். நான் இங்க உக்காந்து முப்பத்தேழாவது நெத்திக்குப் பொட்டு வைக்கணும். அப்படி மட்டும் ஆச்சுன்னா இந்த வீட்டுல யாரும் யாரு மூஞ்சியையும் இனிமே பாக்க முடியாது. அம்மா ஜன்னலுக்கு வெளிய எதுத்த வீட்டுத் தண்ணி டேங்க்கப் பாத்துக்கிட்டு நிக்குது. கரண்டி இன்னும் கையில. "ம்"னுச்சு. ரொம்ப நேரம் கழிச்சு இன்னொரு "ம்". "சரி. சரி வை." போன என்கிட்ட நீட்டுச்சு.

"என்ன சொன்னா?" "சித்தி வாங்குன வளையல் ஏறாதாம். கை ரெண்டும் வீங்கிக் கெடக்காம். ரெண்டரை சைஸு வேணாம், ரெண்டே முக்கா வாங்கிட்டு வரச் சொன்னா." "வேற?" "வேற என்ன. பச்சையும் செவப்பும் கலந்து வாங்கு. மணி மூணேகால், கடை சாத்தியிருப்பாங்க, தட்டு. நான் போயி பொடவை மாத்தறேன்." அடுப்படி வரைக்கும் போயிட்டு நின்னுச்சு. "அந்தத் தலை சீவறவ ஒருத்தியையாவது அப்படியே விட்டு வை. டாக்டருக்கு வேணாம்னா நீ வச்சுக்க."

வளையல் கடை ரெண்டு தெரு தள்ளி. ஓடுனேன். ஷட்டர் பாதி எறக்கியிருந்துச்சு, குனிஞ்சு எட்டிப் பாத்தா ஜெயமேரி அக்கா தட்டுல சோத்தப் போட்டுக்கிட்டு டிவி பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்பாவுக்கு மாலை எடுத்துட்டு வந்தவங்க. "என்னடா, தீப்பிடிச்ச மாதிரி?" "அக்கா, ரெண்டே முக்கா, பச்சை செவப்பு. சுபிக்கு வளைகாப்பு." "ரெண்டே முக்காவா? நல்லா வீங்கிருச்சு போல. பொம்பளப் புள்ளதான், எழுதி வச்சுக்க." கையக் கழுவிட்டு வந்து, ஒரு பெட்டியத் தொறந்து, ரெண்டு டஜன எண்ணி விரல்ல கோத்தாங்க. "மொதல்ல போடறது யாரு, உங்க சித்தியா?" "எங்கம்மா." விரல்ல கோத்த வளையலோட அப்படியே நின்னாங்க. டிவியில யாரோ கத்திக்கிட்டிருந்தா. இதுதான் மொத ஆளு. லால்குடியில இன்னும் நாப்பது பேரு இருக்காங்க. ஜெயமேரி அக்கா கோத்தத எல்லாம் உருவி பெட்டியில திரும்பப் போட்டாங்க. ஸ்டூல் மேல ஏறி, மேல் பலகையிலேர்ந்து வேற பெட்டிய எறக்குனாங்க. "அது மெலிசு. ஏத்தும்போதே படக்குன்னு ஒடையும். வேற எவ போட்டு ஒடைஞ்சாலும் கண்ணாடியச் சொல்வாளுங்க, உங்கம்மா போட்டு ஒடைஞ்சா உங்கம்மாவச் சொல்வாளுங்க. இது கெட்டி. சோப்புத் தண்ணி தொட்டு மெதுவா ஏத்தச் சொல்லு." பேப்பர்ல சுத்தி, மேல இன்னொரு பேப்பர் சுத்தி, நூல் போட்டுக் கட்டிக் கையில வச்சாங்க. எங்க தெருப் பக்கத்துலேர்ந்து வேன் ஹாரன் கேக்குது, சித்தி அதுக்குள்ள வந்துருச்சு. ரெண்டு கையாலயும் பொட்டலத்தப் பிடிச்சுக்கிட்டு, தெருவுல ஒவ்வொரு கல்லாப் பாத்துப் பாத்து, நான் நடக்கறேன்.